துருவ ஒளிக்கு முப்பது வினாடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் பயண இணைப்பில் வந்த நார்வே துருவ ஒளி (இரவு வானில் வண்ணமாய் ஆடும் 'அரோரா') கட்டுரையில் ஊர் விவரங்கள் சரி. படமெடுக்கச் சொன்ன யோசனைகளில்தான் கோளாறு.

'கேபி எண் (பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் அளவு) 5 ஆனால்தான் தெரியும்' என்று கட்டுரை சொன்னது வட நார்வேயின் ட்ரோம்சோ ஊருக்குப் பொருந்தாது. துருவ ஒளி வளையம் அந்த ஊரின் தலைக்கு மேலேயே கிடப்பதால் 2 இருந்தாலே போதும். 5, 6 எல்லாம் ஸ்காட்லாந்தில் காத்திருப்பவர்களின் கவலை. ட்ரோம்சோவில் முதலில் மேகத்தைப் பாருங்கள். அடுத்து 'பிஇசட்' எண்ணை. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பி, அந்த எண் மைனஸில் இறங்கினால்தான் பூமியின் காந்தக் கவசம் வழிவிடும். சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள விண்கலங்கள் இதை அளப்பதால், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது, 30 வினாடி எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம்) வைக்கச் சொன்னது. ஒளி ஆடும்போது அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் மடிப்புகள் எல்லாம் கரைந்து பச்சைப் பூச்சுதான் மிஞ்சும். வேகமாக ஆடினால் 2 முதல் 4 வினாடி, மங்கலாக நின்றால் 8 முதல் 15. லென்ஸ் 14 முதல் 24 மி.மீ., துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 முதல் 3200, வெண்சமநிலை 3500 கெல்வின் அளவில், சுருக்காத 'ரா' கோப்பு. சிவப்பு மட்டும் விதிவிலக்கு, அதை நீண்ட எக்ஸ்போஷர் அவ்வளவாகக் கெடுக்காது. பச்சை தரும் ஆக்சிஜன் அணு ஒரு வினாடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்புக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதற்குள் வேறு அணுவோடு மோதினால் ஒளியே வராது. அதனால்தான் காற்று மிக மெலிந்த 200 கி.மீ.க்கு மேல்தான் சிவப்பு, அதுவும் விளிம்பில்லாமல். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு மட்டும் பதிவானதும் இதனால்தான்: அவ்வளவு தெற்கிலிருந்து பார்த்தால் உச்சிப் பகுதி மட்டுமே தொடுவானத்துக்கு மேலே வரும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று, லென்ஸ் முன்னால் மாட்டும் யுவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி). கழற்றிவிடுங்கள். பச்சை ஒளி கிட்டத்தட்ட ஒரே அலைநீளம் (557.7 நானோமீட்டர்) என்பதால், ஃபில்டரின் இரு பரப்புகளுக்கிடையே எதிரொளித்துப் படத்தின் நடுவில் வட்டம் வட்டமாகக் கோடு விழும். அதைப் பிறகு கணினியில் அழிப்பது பெரும்பாடு.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். இருட்டில் கேமராத் திரை பளிச்சென்று ஏமாற்றும், படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வானத்தில் சாம்பல் நிறப் பட்டை தெரிந்து, மேகமா ஒளியா என்று சந்தேகம் வந்தால் ஒரு படம் எடுங்கள். ஒளி என்றால் பச்சை காட்டிக்கொடுக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். அறைக்குத் திரும்பும் முன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள்; இல்லாவிட்டால் லென்ஸெங்கும் நீர் பூக்கும்.

கடைசியாக, நம்மூர்ப் பள்ளி விடுமுறையான மே மாதத்துக்கு 'துருவ ஒளிச் சுற்றுலா' என்று யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வட நார்வேயில் வானம் இருட்டுவதே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்