கையொப்பத்தை நம்பி ஜப்பானிய அச்சுப்படம் வாங்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைச் சேகரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் கையொப்பமும் முத்திரையும் இருந்தால் அசல் என்று அதில் சொன்னதை நம்பி யாரும் பணம் கொடுத்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களான ஹோகுசாய், ஹிரோஷிகே காலத்தில் ஓவியரின் கையொப்பத்தையும் படத்தோடு சேர்த்தே செர்ரி மரப்பலகையில் செதுக்கினார்கள். அந்தப் பலகையில் அச்சான எல்லாத் தாளிலும் அது இருக்கும். நூறாண்டு கழித்து வேறொருவர் புதுப் பலகையில் நகல் செதுக்கினாலும் இருக்கும்.

தணிக்கை முத்திரையும் அப்படித்தான். 1790களிலிருந்து 1842 வரை 'கிவாமே' என்ற சிறு வட்ட முத்திரை வழங்கியது. 1850களில் 'அராத்தாமே' முத்திரையும், பாம்பு ஆண்டு, குதிரை ஆண்டு என்று விலங்கின் பெயரால் ஆண்டையும் கூடவே மாதத்தையும் காட்டும் முத்திரையும் வந்தன. ஹிரோஷிகேயின் 'எடோவின் (இன்றைய டோக்கியோ) நூறு புகழ்பெற்ற காட்சிகள்' (1856–58) வரிசையில் இவற்றைப் பார்க்கலாம். படத்துக்கு எப்போது அனுமதி கிடைத்தது என்பதைத்தான் இவை சொல்லும். கையிலிருக்கும் தாள் எப்போது அச்சானது என்பதற்கு இவை சான்றாகா.

முதலில் அது மரப்பலகையில் கையால் அச்சிட்டதா என்று அறியத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பலகையில் நீர்வண்ணமும் அரிசிப் பசையும் தடவி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து, 'பாரென்' என்ற மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். தாளிலுள்ள கோசோ என்ற மரப்பட்டை நாருக்குள் வண்ணம் இறங்குவதால் பின்புறத்திலும் படம் மங்கலாகத் தெரியும். தேய்த்த சுழித்தடமும் பல தாள்களில் தெரியும். பின்புறம் வெறுமையாக இருந்து, பத்து மடங்கு லென்ஸில் வண்ணம் சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு. பின்னால் வேறு தாள் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை நடக்காது. அத்தகைய படத்தைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் தவிர்ப்பதே நல்லது.

மரக்கட்டை அச்சுதான் என்று உறுதியானபின் கோடுகளைப் பாருங்கள். அச்சடிக்க அடிக்கப் பலகை தேய்ந்து, மெல்லிய கோடுகள் தடித்து உடையும். ஹோகுசாயின் பேரலைப் படத்தில் (சுமார் 1831) தலைப்புக் கட்டத்தின் இடப்பக்கக் கோடு, பிந்திய அச்சுகளில் விட்டுவிட்டு இருக்கும். வண்ணம் ஓரத்தில் இம்மியளவு விலகியிருந்தால் அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். ஈரத்தாள் சுருங்கி விரிவதால் நேர்வது அது. 'ஓபான்' என்ற வழக்கமான தாள் அளவு சுமார் 39 × 26 செ.மீ. அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். ஓரத்தில் இருந்த முத்திரையும் அதோடு போயிருக்கும்.

வெட்டுப்பட்டு, வெளிறிப்போன பழம்படத்தைவிட, டோக்கியோவின் அதாச்சி பதிப்பகம் இன்றும் கையால் செதுக்கி அச்சிடும் மறுபதிப்பு எத்தனையோ மேல். அது தன்னை மறுபதிப்பு என்றே சொல்லி விற்கிறது. அந்தக் கலை எவ்வளவு உயர்ந்தது என்பதை அதன் வண்ணங்களே காட்டும்.

வாங்கியபின் முதல் எதிரி வெளிச்சம். கானாவாழை இனப் பூவிலிருந்து எடுத்த நீலமும் குசும்பாப்பூச் சிவப்பும் விரைவில் வெளிறும். இரண்டும் கலந்த ஊதா பழுப்பாகிவிடும். 1830 வாக்கில் பரவிய பிரஷ்ய நீலம் என்ற செயற்கை நிறமி ஓரளவு தாங்கும். ஐம்பது லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளிறுவது மெதுவாகுமே தவிர நிற்காது. ஆகவே மூன்று மாதம் சுவரில், மற்ற காலம் பெட்டியில் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

சட்டமிடும் கடையில் அமிலமற்ற பருத்தி அட்டை வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண அட்டை படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் பட்டைகளைக் கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரக்காற்றில் விரியும் தாள் போக இடமின்றி நெளியும். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் அங்கே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். செல்லோ டேப், வெள்ளைப் பசை, சூட்டில் ஒட்டும் படலம் மூன்றையும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே டேப் ஒட்டிய படம் கைக்கு வந்தால் பிய்க்க வேண்டாம். பசையோடு மேல்நாரும் வந்துவிடும். காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
அச்சுப்படச் சேகரிப்பாளர் ஒருவர்,
புதுச்சேரி