மோசே அடித்த அடி

அன்புள்ள ஜெயராஜ்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு ஞானஸ்நானம் முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வேதத்தைத் தானே வாசிக்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். யாத்திராகமம் 2:12-இல் மோசே எகிப்தியனை 'வெட்டி' மணலில் புதைத்தான் என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறதே, கையில் வாள் இருந்ததா என்று கேட்டாய். மூல மொழியான எபிரெயத்தில் வாளும் இல்லை, வெட்டும் இல்லை. 'வய்யாக்', அதாவது அடித்தான், அவ்வளவுதான். வேர் நூன், காஃப், ஹே என்று மூன்று எழுத்து. இந்த வடிவத்தில் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் விழுந்து காஃப் மட்டும் மிஞ்சுவதால் புதிதாகப் படிப்பவர்கள் அகராதியில் தேடிச் சலித்துப்போவார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 11-ஆம் வசனத்தில் எகிப்தியன் எபிரெயனை அடிக்கிறான், 12-இல் மோசே எகிப்தியனை அடிக்கிறான், மறுநாள் 13-இல் எபிரெயனே எபிரெயனை அடிக்கிறான், மூன்றுக்கும் ஒரே வினை. நடுவில் 'வெட்டி' வந்ததும் அந்தத் தொடர்ச்சி நமக்கு அறுந்துபோகிறது. கதை சொல்கிறவர் மோசே கொன்றான் என்று தம் வாயால் சொல்லவே இல்லை, பார்த்தாயா? அதை மோசேயின் முகத்துக்கு நேராகச் சொல்வது அடித்துக்கொண்டிருந்த அந்த எபிரெயன்தான், அதுவும் 'ஹாரக்', அதாவது கொன்றான், என்ற வேறு வினையில். அடுத்த வசனத்தில் பார்வோன் மோசேயைக் கொல்லத் தேடுவதும் அதே ஹாரக். என்னைக் கேட்டால் 12-இல் 'அடித்து' என்றே போட்டிருக்கலாம், செத்தான் என்பதை மணல் சொல்லிவிடும்.

ஏனென்றால் அடிபட்டவன் பிழைத்தானா இல்லையா என்பது இந்த வினைக்குள் இல்லை. பிலேயாம் கழுதையை மூன்று தடவை அடித்தான், அது உயிரோடு நின்று நியாயம் கேட்டது. தாவீதின் கல் கோலியாத்தை அடித்ததற்கும் இதே வினைதான். அதனால்தான் யாத்திராகமம் 21:12-இல் சட்டம் 'அடித்து, அவன் செத்தால்' என்று தனியாகச் சேர்த்துச் சொல்கிறது, 18, 19-இல் கல்லாலோ கையாலோ அடிபட்டவன் சாகாமல் படுக்கையில் கிடந்து எழுந்து நடமாடினால், வேலை கெட்ட நாளுக்கும் வைத்தியத்துக்கும் அடித்தவன் கொடுத்தால் போதும் என்கிறது. ஆனால் 15-இல் தாய் தகப்பனை அடிக்கிறவனுக்கு 'செத்தால்' என்ற பேச்சே கிடையாது, அடித்தாலே மரண தண்டனை.

அப்புறம், ஆள் மட்டுமா அடிக்கிறான்? யோனாவின் ஆமணக்கைப் புழு அடிக்கிறது, மறுபடி அவன் தலையை வெயில் அடிக்கிறது, சவுலின் அங்கியை அறுத்தபின் தாவீதை அவன் இருதயமே அடிக்கிறது, ஓசியா 14:5-இல் இஸ்ரவேல் லீபனோனைப்போல் வேரை அடிக்கிறான், அதாவது வேரூன்றுகிறான், எல்லாம் இதே வினைதான். தாவீதின் இடத்தில் மட்டும் நம் பழைய மொழிபெயர்ப்பு 'மனது அடித்துக்கொண்டிருந்தது' என்று எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது!

உன் வேதபாட வகுப்பில் இந்த 2-ஆம் அதிகாரத்தையும் 21-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லி, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
டேவிட்