முதலில் பணம், அப்புறம்தான் சீட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்விப் பக்கத்தில், கல்லூரிச் செலவை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு யோசனை சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். அதை வாசித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை, அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் 26 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று ஓடுகிற தொழில், எனவே நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் தூங்கப்போவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் எங்கள் கடையில் சாக்கை அவிழ்த்துச் சரக்கைப் பார்க்காமல் யாரும் பணம் எண்ணி வைக்கமாட்டார்கள்.

என் மகள் 2024-இல் பிளஸ் டூ எழுதினாள். ரிசல்ட் வந்தது மே 6-ஆம் தேதி. ஏப்ரல் கடைசியிலேயே பொறியியல் சீட்டு விஷயமாக ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்துவிட்டது. அவர்கள் நடத்திய நுழைவுத் தேர்வில் பாப்பா நல்ல ரேங்க் சார், கட்டணத்தில் 25 சதவீதம் ஸ்காலர்ஷிப் சார், பத்து நாளைக்குள் 50,000 ரூபாய் கட்டிவிட்டால் சீட்டு உங்களுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் சார். சம்பளம் 22,000 வாங்குகிறவனுக்கு 50,000 என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மனைவியின் இரண்டு வளையல்களை நகைக்கடனில் வைத்துக் கட்டினேன். அந்த 25 சதவீதம் முதல் வருஷத்துக்குத்தான், அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரிலும் அவர்கள் சொல்கிற மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பது ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. கணக்கு எழுதுகிற நானே அதைக் கட்டிய பிறகுதான் படித்தேன்.

ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்பார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்துப் போடுகிற கட் ஆஃப் 200-க்கு எத்தனை வரும், அந்த வருஷம் எத்தனை பேர் கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுப்பார்கள், போன வருஷம் 165-க்குக் கிடைத்த பாடப்பிரிவு இந்த வருஷம் 172-க்குப் போகுமா என்று எந்தத் தகப்பனால் ஏப்ரலில் சொல்லமுடியும்? ஒரே கட் ஆஃப் வாங்கிய பிள்ளைகளை ஒவ்வொரு பாட மதிப்பெண்ணாக ஒப்பிட்டு, பிறந்த தேதி வரைக்கும் பார்த்து, அப்படியும் பிரிக்கமுடியாவிட்டால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் எண்ணை வைத்து முன்பின் வைக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மதிப்பெண் வரிசைப்படி அரசு சீட்டு ஒதுக்குகிற கலந்தாய்வு முறையை நான் குறை சொல்லவில்லை. 2007-லிருந்து தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம், இணைய வழி வந்த பிறகு சென்னைக்கு ரயில் ஏறி அலைய வேண்டியதும் இல்லை. எங்களை மாதிரி ஆட்களுக்கு அது பெரிய காரியம். சிக்கலெல்லாம் காலண்டரில்தான். தனியார் ஏப்ரலில் பணம் கேட்கிறார்கள், அரசுக் கலந்தாய்வு எங்கள் முறைக்கு வரும்போது ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. 2022-இல் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்து பொதுப்பிரிவுக் கலந்தாய்வே செப்டம்பர் 10-ஆம் தேதிதான் தொடங்கியது. இந்த நாலு மாத இடைவெளியில்தான் பெற்றோரின் பயம் விலை போகிறது.

மகளுக்குக் கட் ஆஃப் 168.5. இரண்டாவது சுற்று. விருப்பப் பட்டியல் போட மூன்று நாள் கொடுத்தார்கள், மூன்று நாளும் எங்கள் வீட்டில் உலை வைத்ததே ஒரு வேளைதான். நாற்பது பக்க நோட்டில் கல்லூரிக் கோடு எண்களை நான் வரிசையாக எழுத, அவள் அடித்து மாற்ற, கடைசி நாள் ராத்திரி பிரவுசிங் சென்டர் தம்பி கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவைத்துக்கொண்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தான். முதலில் பதினான்காவது விருப்பம் ஒதுக்கீடு ஆனது. ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் மேலே கிடைத்தால் போகிறோம் என்று அப்வார்டு கொடுத்தோம். ஆறாவது விருப்பத்துக்கு நகர்ந்தது, ஊரும் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாறியது. பஸ்ஸில் போய்வரலாம் என்று போட்ட கணக்கு ஒரே ராத்திரியில் விடுதிக் கணக்கானது.

இங்கே என் அரியர் கதையையும் சொல்லவேண்டும். அஞ்சல் வழியில் பி.காம். படித்தேன், இரண்டு பேப்பர் இன்றுவரை பாக்கி. அந்த இரண்டு பேப்பரை நான் எழுதி முடித்திருந்தால் மகளுக்கு, குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு அரசு தருகிற முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்திருக்காது! வருஷத்துக்கு 25,000. வீட்டில் என் படிப்பைப் பற்றி இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை.

கலந்தாய்வு வழியே சுயநிதிக் கல்லூரியில் சேர்பவர்களுக்கு 2017-இல் அரசுக் குழு நிர்ணயித்த கட்டணம் வருஷத்துக்கு 50,000, தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. ஆக, 55,000-இல் 25,000 போக 30,000 என்று எழுதிவைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். அலுவலகத்தில் கொடுத்த தாளில் கூட்டுத்தொகை 1,63,000. விடுதியும் சாப்பாடும் 75,000, அது சரி. வேலைவாய்ப்புப் பயிற்சி 12,000 (முதல் வருஷத்திலேயே!), புத்தகம் சீருடை ஆய்வக உடை 9,000, வளர்ச்சி நிதி 7,000, காப்புத்தொகை 5,000. மீதி? கல்விக் கட்டணம் முழுசாக 55,000. முதல் பட்டதாரி என்று சொன்னால், "இப்போது கட்டிவிடுங்கள் சார், அரசு எங்களுக்குத் தந்ததும் உங்களுக்குத் திருப்பித் தருவோம்" என்கிறார்கள். சான்றிதழை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 25,000-ஐக் கழித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, மகன் பேசாதே என்று கையைப் பிடித்து இழுக்க, அவர்கள் கேட்டதை அப்படியே கட்டிவிட்டுப் போனார்.

கலந்தாய்வுக் கையேட்டில் கல்லூரிவாரியாக விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவு, பஸ் கட்டணம் எல்லாம் போட்டிருக்கிறது, நான் பார்க்காமல் இல்லை. பயிற்சி, வளர்ச்சி, சீருடை என்று வருகிற இந்த வால்கள்தான் அதில் இல்லை.

சரி, கல்விக்கடன் இருக்கிறதே என்பீர்கள். 4 லட்சம் வரை பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எங்கள் கிளையில் பிணை கேட்கவில்லை, மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தருகிற போனஃபைடு சான்றிதழ் கேட்டார்கள். கல்லூரியில் கேட்டால் முதல் வருஷப் பணம் கட்டினால்தான் போனஃபைடு. பணம் இருந்தால் நான் ஏன் வங்கிக்கு வருகிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன், அவரும் நல்ல மனிதர், பதில் சொல்லாமல் டீ வாங்கித் தந்தார். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிவி தவணையில் இரண்டு மாதம் தாமதித்தது, நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் கணக்கில் நிற்கிறது என்று ஒரு சுற்று. மனைவியின் சங்கிலியும் வளையல்கள் போன இடத்துக்கே போனது. கடன் கைக்கு வந்தது டிசம்பரில்.

உதவி வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும், அதில் சேர்பவர்களின் செலவை அரசே ஏற்பதும் எங்கள் தெருவில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மகனைக் கடனில்லாமல் படிக்கவைக்கிறது. என் மகள் படித்தது உதவிபெறும் பள்ளி என்பதால் அது இல்லை. ஆனால் அதே டிசம்பர் கடைசியில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள், மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. எதிர்பாராமல் வந்த நல்லது. எதிர்பாராமல் என்பதுதான் எனக்கு இடிக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் வந்தது போனது எல்லாமே அப்படித்தான்.

அந்த 50,000 என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஆகஸ்டிலேயே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். 2024-25-க்குச் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணத்தையும் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருந்தது. அவர்களோ நான் கட்டியது கட்டணமே இல்லை, பதிவுத்தொகை என்றார்கள். ஜனவரி கடைசியில் 35,000 வந்தது. 15,000 எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்டு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. வளையல்களுக்கு நான் கட்டிய வட்டி சுமார் 3,500 தனி.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. கலந்தாய்வு முடியும்வரை எந்தப் பெயரிலும் முன்பணம் வாங்கக்கூடாது, வாங்கினால் கேட்ட ஒரு வாரத்தில் திருப்பவேண்டும், அது பதிவுத்தொகையோ பழைய பாக்கியோ. விருப்பப் பட்டியல் போடுகிற திரையிலேயே, கல்லூரிக் கோடு எண்ணுக்குப் பக்கத்தில், முதல் வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே ஒரு எண். தரவரிசைப் பட்டியல் வந்ததுமே வங்கி, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு வரை தருவோம் என்று ஒரு கடிதம். சீட்டு எங்கே விழும் என்று தெரியாமல் காத்திருப்பதை நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

பையன் இப்போது பிளஸ் ஒன். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான், அக்காளோடு அது முடிந்தது. நேற்று சாயங்காலம் ஒரு போன், தம்பிக்கு இப்போதே சீட் பிளாக் பண்ணிக்கொள்ளலாமே என்று ஒரு பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டது. நான் பேச வாயெடுப்பதற்குள் மனைவி போனை வாங்கி, "சரக்கு இன்னும் விளையவே இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை,
விருதுநகர்.
(பெயரைப் போடவேண்டாம், மகள் இன்னும் அங்கே படிக்கிறாள்.)