டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பைத் தமிழ் அமைப்புகளின் வலைத்தளங்கள் தொடங்கிய வேகத்தில் முடங்கிவிடுகின்றன என்று வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். பணமில்லாமல் முடங்குபவை குறைவு. தளம் அமைத்துக் கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் பெயர் முகவரியை, தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிந்துவிடுகிறார். சில ஆண்டுகளில் நிர்வாகக் குழு மாறுகிறது, அவரும் ஊர் மாறிப் போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

டாட் காம் முகவரி காலாவதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் உலக அமைப்பான ஐகானின் விதி. கெடு தாண்டினாலும் முகவரி உடனே போய்விடாது. நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம்; கட்டணம் பல மடங்கு. அதுவும் கடந்தால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பழைய முகவரிகளை அள்ளுவதற்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. கோயில் விழா அழைப்பிதழில் அச்சிட்ட முகவரி சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்பது இப்படித்தான்.

எனவே டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை சர்வர் இடம்) இரண்டும் அமைப்பின் பெயரிலேயே இருக்கட்டும். கணக்கில் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கவே கூடாது: டொமைன் நின்றால் மெயிலும் நின்றுவிடும், கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது. பதவி மாறும்போது வங்கிக் கையெழுத்தை மாற்றுவதுபோல இந்தக் கணக்குகளையும் எழுதிக் கைமாற்ற வேண்டும். அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை மட்டும் நம்பாதீர்கள், அட்டை காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். பத்து ஆண்டுவரை முன்பணம் கட்டலாம். மூன்று ஆண்டு கட்டினாலே பாதித் தலைவலி தீரும்.

அடுத்தது, தளத்தில் ஏற்றும் தமிழ். பழைய ஆண்டு மலர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவிலோ, 1999-இல் வந்த டாப், டாம் எழுத்துக் குறிமுறைகளிலோ இருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், கூகுளும் தேடித் தராது. இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றியே ஏற்றுங்கள். மாற்றியபின் கொம்பைப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். மாற்றும் மென்பொருள் சரியில்லை என்றால் ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று உடைந்து நிற்கும். இது கண்ணில் படும். படாதது ‘கௌரவம்’: பலர் ககரத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்து ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே, தேடலுக்கு வேறு சொல்.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், தமிழ்த் தலைப்பையே பக்கத்தின் முகவரியாக்கும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் (த, ம, ி போன்றவை) 9 எழுத்தாக விரிகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 குறியீடு, முகவரியில் 45 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும் என்பதால் நீளமான தலைப்பு பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். பதிவேற்றும்போதே முகவரியை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சுருக்கிவிடுங்கள்.

பேக்கப் (காப்பு நகல்) ஹோஸ்டிங் கணக்கிலேயே கிடந்தால் அது பேக்கப்பே அல்ல. கணக்கு முடங்கினால் அதுவும் சேர்ந்தே முடங்கும். மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும், கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் இறக்கி வெளியே வையுங்கள். ஒருமுறையாவது சோதனைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். டேட்டாபேஸ் ‘யுடிஎஃப்8எம்பி4’ (utf8mb4) என்ற யூனிகோடு அமைப்பில் இருக்க வேண்டும். லத்தீன் அமைப்பில் ஏற்றினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆனதைத் திருப்ப வழியே கிடையாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

பிரவுசரில் பாதுகாப்பைக் காட்டும் பூட்டுக் குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் இனி ஓராண்டு செல்லாது. அது செல்லும் காலத்தின் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47. கையால் புதுப்பிப்பது கட்டுப்படியாகாது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி உண்டா என்று ஹோஸ்டிங்காரரிடம் இப்போதே கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த கட்டணத்துக்கு முன் வேறிடம் மாற்றிவிடுங்கள்.

வலைத்தளப் பராமரிப்பாளர்,
செம்பூர், மும்பை