பவளத்தை அவர்களே தொடட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதுகுவலி குறைந்ததில் நிம்மதி. உன் தம்பியும் அவன் மனைவியும் நம் ஆன்லைன் விளையாட்டான ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடப் போகிறார்கள் என்ற சேதியில் அதைவிடச் சந்தோஷம். "முதல் நாளே அவர்களுக்கு என்னென்ன கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து எதுவும் கொடுத்துவிடாதே. அப்படிக் கொடுத்துத்தான் நான் ஒரு நல்ல துணையை இழந்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவரை ஆசை ஆசையாக அழைத்து வந்தேன். சேர்ந்த அன்றே கை நிறைய கில் என்ற ஆட்டப் பணம், அவர் லெவலுக்குக் கிடைக்கிற நல்ல கவசம், வாள் என்று பையை நிரப்பினேன். டஞ்சன் என்கிற எதிரிகள் நிறைந்த குகைக்கும், என் லெவல் இறங்காத முறையில், நானே கூட்டிப்போனேன். வழியில் வந்ததையெல்லாம் நான் ஒரே வெட்டில் சாய்க்க, அவர் பின்னாலேயே ஓடி வந்தார். ஒரு வாரம் கழித்து, "எனக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லையே" என்றார். அதற்கப்புறம் அவர் உள்ளே வரவில்லை. அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் ரூலெட்டில், ஆட்டமே ஒரு குகையைச் சீட்டுப் போட்டுத் தருமே அதில், எனக்கு சஸ்தாஷா வந்தது. 15ஆம் லெவலில் எல்லோரும் நுழைகிற முதல் குகை. நம்மைப் போன்ற பழையவர்களின் லெவலை ஆட்டமே இறக்கி, புதியவர்களோடு சேர்த்துவிடும் அல்லவா? முன்னால் நின்று அடி வாங்கும் எங்கள் டேங்கின் பெயருக்குப் பக்கத்தில், புதியவர் என்று காட்டும் பச்சை முளை. உள்ளே ஒரு ரத்தக்கறை படிந்த குறிப்பு கிடக்குமே, அதைப் படித்துச் சரியான நிறப் பவளத்தைத் தொட வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை, மூன்றில் ஒன்று. கூட வந்த ஒருவர் வழக்கம்போல ஓடிப்போய்த் தொடப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கள், அவர் படிக்கட்டும்" என்று தட்டினேன். நல்ல மனிதர், நின்றுவிட்டார். அந்த முளை ஒரு பவளத்தின் முன்னால் போய் நின்றது, திரும்பியது, அடுத்ததற்குப் போனது, மறுபடி குறிப்பு கிடந்த இடத்துக்கே வந்தது. நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். கடைசியில் சரியானதைத் தொட்டதும், "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று சாட்டில் வந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எத்தனையோ முறை போன குகைதான். அன்றைக்குத்தான் எனக்கு அது மறுபடி பிடித்தது.

சரி, அவசியமானவற்றைச் சொல்கிறேன். கேரக்டர் உருவாக்குமுன் உன் டேட்டா சென்டர் பெயரை, அதாவது நீ ஆடும் சர்வர் தொகுதியின் பெயரை, அவர்களிடம் சொல்லிவிடு. வேறு எங்காவது போய்ச் சேர்ந்துவிட்டால் மாற்றுவது தொல்லை. உடனே பணம் கட்ட வேண்டாம். இலவசச் சோதனைக் கணக்கிலேயே, கால வரம்பு இல்லாமல், 70ஆம் லெவல் வரை ஆடலாம். ஒருமுறை பணம் கட்டி மாறினால் அந்தக் கணக்கு திரும்ப இலவசத்துக்கு வராது என்பதை முன்பே சொல். இலவசக் கணக்கில் பார்ட்டி, அதாவது குழு, அமைக்க முடியாது, அழைப்பை நீதான் அனுப்ப வேண்டும்.

தம்பி கிளாடியேட்டர் என்ற டேங்க் வேலையை எடுக்கிறான் என்றாயே, எதிரிகளைத் தன் பக்கமே இழுத்து வைக்கும் 'அயர்ன் வில்' திறன் 10ஆம் லெவலில் கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளச் சொல். அதை மறந்தால் மிருகங்கள் அவனை விட்டுவிட்டு, காயம் ஆற்றும் ஹீலர் மேல் பாயும். இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லலாம், ஏனென்றால் அடி வாங்குவது வேறொருவர். மற்றதையெல்லாம் அவன் கேட்கும்போது சொன்னால் போதும். அக்ரோ, புல் என்று நாம் சரளமாகப் பேசுகிற வார்த்தைகளை ஒரே மூச்சில் கொட்டிவிடாதே. அப்புறம், கதைக் காட்சிகளைத் தாண்டச் சொல்லாதே. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நீ சும்மா நில்.

தம்பி டேங்க், அவன் மனைவிக்கு வில் பிடிக்கும் என்கிறாய், நீ அவளைப் போலவே தாக்குகிற இன்னொரு டேமேஜ். ஹீலராக நான் வருகிறேன். வெளியாள் யாரும் வேண்டாம். அவர்கள் 15ஐத் தொட்டதும் ஒரு வரி எழுது. பவளம் இருக்கும் இடம் வந்ததும் நாம் இருவரும் பின்னாலேயே நின்றுகொள்ளலாம்.

உன் பழைய கூட்டாளி