ரீபூட் செய்தால் எஸ்.என்.எம்.பி அமைப்பு அழிகிறது: ஐந்தாவது புகார்

ஐயா/அம்மையீர்,

முந்தைய நான்கு கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. எங்கே பதிவானதோ தெரியவில்லை.

உங்கள் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) 12 மாட்டியிருக்கிறோம். எது விழுந்தது, எதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கத்தான் எஸ்.என்.எம்.பி என்ற கண்காணிப்பு நெறிமுறை. வெப் பக்கத்தில் வெர்ஷன் 2சி மட்டும்தான் இருக்கிறது. அதில் கடவுச்சொல் போல வேலை செய்யும் கம்யூனிட்டி பெயர் மறைப்பே இல்லாமல் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பயனர் பெயர், கடவுச்சொல், மறைப்பு எல்லாம் உள்ள வெர்ஷன் 3 வேண்டுமென்றால் எஸ்.எஸ்.எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து கமாண்ட் லைனில் அமைக்கச் சொல்கிறது உங்கள் கையேடு. சரி, அமைத்தேன். 2சி-யை நிறுத்தினேன், பயனரைச் சேர்த்தேன், அடையாளச் சரிபார்ப்புக்கு எஸ்.எச்.ஏ, மறைப்புக்கு ஏ.இ.எஸ் எல்லாம் கொடுத்தேன். சேவ் கொடுத்ததும் 'ஓகே' என்றது. மானிட்டரிங் சர்வருக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது.

ரீபூட் ஆனதும் பயனரைக் காணோம். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் நிறுத்திவைத்த 2சி தானாக எழுந்து, 'பப்ளிக்' என்ற பெயரில் யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது!

உதவி எண்ணில் 40 நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒருவர் வந்தார். எஸ்.என்.எம்.பி பயன்படுத்தும் யூ.டி.பி 161 போர்ட் என்றதும், "அதெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிறவங்களைக் கேளுங்க" என்றார். அப்புறம், "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." ஆஃப் பண்ணினால்தானே அழிகிறது என்றேன். "அப்படின்னா ஆஃப் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் சிரித்ததும் கேட்டது. அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், மேலதிகாரி யாராவது தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்து, நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். ஏணி போட்டு, கூரையிலிருந்து ஒன்றைக் கழற்றி எடுத்துவந்தேன். உங்கள் ஆள் தன் போனில் வைஃபை இணைத்துப் பார்த்து, "நெட் வருதே சார்" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. கருவியோடு நேரடியாக இணைத்துப் பார்க்கும் கன்சோல் கேபிள்கூட அங்கே இல்லை.

சொல்ல விட்டுப்போனது: அதற்கு முன்பே ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்கச் சொல்லி, அதையும் செய்தேன். இப்போது பயனர் பட்டியலில் இருக்கிறார், ஆனால் கடவுச்சொல் தவறு என்கிறது. பார்த்தால், ஒவ்வொரு ரீபூட்டுக்கும் இன்ஜின் ஐடி (எஸ்.என்.எம்.பி-யில் கருவியின் அடையாளம்) மாறுகிறது. வெர்ஷன் 3 சாவிகள் கடவுச்சொல்லையும் அந்த ஐடியையும் சேர்த்துதானே உருவாகின்றன? ஐடி மாறினால் பழைய சாவி எப்படிப் பொருந்தும்? இதைக் கண்டுபிடிக்க வேண்டியது நானா, நீங்களா?

இந்த ஒரு மாதத்தில் நான் இழந்த தூக்கத்துக்கு விலை போட்டால் உங்கள் கம்பெனியையே வாங்கிவிடலாம்.

15 நாட்களுக்குள் திருத்திய ஃபர்ம்வேர் வேண்டும், இல்லையென்றால் 12-க்கும் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். தவறினால் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

ரீபூட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த லாக் இணைப்பில் உள்ளது. பதில் எழுதுபவர் தயவுசெய்து அதைத் திறந்து பார்த்துவிட்டு எழுதவும்.

இப்படிக்கு,
இன்னும் ஏணியைத் திருப்பிக் கொடுக்காத வாடிக்கையாளர்