செப்டம்பர் இன்னும் காலி

அன்புள்ள கனிக்கு,

மூன்று ஞாயிறாக உன் ஃபோன் வரவில்லை. ட்ராமா டூட்டி என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. சியாமளா அத்தை வந்தாள், அந்தப் பேச்சை எடுத்தாள், அம்மா சாம்பார் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நேற்று ராத்திரி உன் அவே ரொட்டேஷன் ஷீட்டைத் திறந்தேன், வேறு காலேஜ் ஆஸ்பத்திரிகளில் நீ மாதத்துக்கு ஒன்றாக வேலை பார்க்கப்போகும் அட்டவணை. பார்க்க அனுமதி கொடுத்தது நீதான், திட்டாதே. ஜூலை போர்ட்லாண்ட். ஆகஸ்ட் சியாட்டில். செப்டம்பர் காலி. போன மாதம் வரை அங்கே ஒரு இடத்தின் பெயர் இருந்தது. தங்குமிடம் என்ற கட்டத்தில் ஜூலைக்கு மட்டும் ‘ஏற்பாடு ஆகிவிட்டது’ என்று போட்டிருக்கிறாய். நல்லது. ஆகஸ்டுக்கும் இப்போதே பார். மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கட்டும். எலும்பு சர்ஜரி, அதாவது ஆர்த்தோ, ரவுண்ட்ஸ் ஐந்தரைக்குத் தொடங்கினால் நீ ஐந்துக்கே வார்டில் இருக்கவேண்டும், அந்த நேரத்து பஸ்ஸை நம்ப முடியாது. உனக்கு 25 முடிவது நவம்பரில்தான், அதுவரை வாடகைக் கார்க்காரன் தினப்படி கூடுதலாகக் கேட்பான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஆனால் என் கவலை செப்டம்பர்.

இன்டர்னல் மெடிசினோ பீடியாட்ரிக்ஸோ எடுத்திருந்தால் அவே போகாமலே மேட்ச் ஆகலாம், ரெசிடென்சிப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். ஆர்த்தோவில் அது நடக்காது. சொந்தக் காலேஜில் ஒன்று, வெளியே இரண்டு மூன்று என்பதுதான் வழக்கம். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1 லைசென்ஸ் பரீட்சை வெறும் பாஸ், ஃபெயில். 2020க்குப் பிறகு நேர்காணலும் பல இடங்களில் திரையில்தான். ஆக, நான்கு வாரம் கூடவே நின்றவளைத்தான் அவர்களுக்குத் தெரியும். உனக்கும் அந்த இடத்தை நேரில் பார்க்க அதுதான் நல்ல வழி. ஒவ்வொரு அவேயும் ஒரு மாத நேர்காணல். நன்றாகச் செய்தால் கதவு திறக்கும், சொதப்பினால் போகாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதனால்தான் முதல் மாதம் சொந்தக் காலேஜில் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தப்பு செய்வதை மே, ஜூனில் அங்கேயே செய்து முடித்துவிடு.

மார்க் உள்ள ஸ்டெப் 2 பரீட்சை ஜூனுக்குள் முடியவேண்டும். அவேயில் இருந்துகொண்டே படித்துவிடலாம் என்று நினைக்காதே. பதினான்கு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் புத்தகத்தைத் திறந்த பக்கத்திலேயே தூங்கிவிடுவாய். மார்க் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ரெசிடென்சி விண்ணப்பத் தளமான ஈராஸில் ப்ரோக்ராம்கள் விண்ணப்பங்களைப் பார்க்க ஆரம்பிப்பது செப்டம்பர் கடைசி வாரம். பின்னோக்கி எண்ணிப் பார்.

அதே கணக்குதான் சிபாரிசுக் கடிதங்களுக்கும். ஜூலை, ஆகஸ்ட் கடிதம் நேரத்துக்கு வந்து சேரும். செப்டம்பர் கடிதம் தாமதமாகத்தான் வரும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் செப்டம்பரே வேண்டாமே என்று நீ கேட்பாய். கடிதத்துக்காக இல்லை, அந்த ப்ரோக்ராமே உன்னைப் பார்ப்பதற்காக. கடிதம் கேட்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே. மூன்றாவது வாரத்தில் கேள், அட்டெண்டிங், அதாவது பொறுப்பில் இருக்கும் பெரிய டாக்டர், நான்காவது வாரம் லீவில் போய்விடுவார். ஆர்த்தோவுக்கென்று இருக்கும் படிவம் உன்னை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு எங்கே வைப்பீர்கள் என்று நேராகவே கேட்கிறது. இரண்டு கேஸில் பார்த்தவர் உன்னை நடுவில்தான் வைப்பார். ஆகவே பெரிய பெயரைத் தேடாதே, உன்னோடு அதிக நாள் நின்றவரைக் கேள். ஒரு ப்ரோக்ராமுக்கு நான்கு கடிதம்தான் போகும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்சைட்டில் இருக்கும் புகழ்ச்சியைப் படிக்காதே. அங்கே இருக்கிற ஜூனியர் ரெசிடென்ட் ஒருவரிடம் நாலு கேள்வி கேட்டால் போதும். வருஷத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள்? ஒரு மாதத்தில் வெளி மாணவர்கள் எத்தனை பேர்? போன இரண்டு வருஷம் மேட்ச் ஆனவர்களில் அங்கே அவே செய்தவர்கள் எத்தனை பேர்? நான்கு வாரமும் ஒரே டீமா, வாரத்துக்கு ஒன்றா? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் கை, அடுத்த வாரம் முதுகு, அப்புறம் ஜாயின்ட், அப்புறம் ட்ராமா என்று சுற்றினால் நிறையப் பார்த்த மாதிரி இருக்கும், மாதக் கடைசியில் உன் பெயர் தெரிந்த அட்டெண்டிங் ஒருவர்கூட இருக்கமாட்டார். வருஷத்துக்கு மூன்று பேரை எடுக்கும் இடத்துக்கு ஆகஸ்டில் எட்டு மாணவர்கள் வந்தால் நீ ஒப்புக்குச் சப்பாணி. ரெசிடென்ட்கள் படம் போட்ட பக்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்றும் எண்ணு. ஒருத்திதான் இருக்கிறாள் என்றால் தப்பில்லை, அவளிடமே பேசு. ஐந்து வருஷ வரிசையில் ஒருத்திகூட இல்லையென்றால் ஏன் என்று யோசி.

தேதியையும் பார். ஒவ்வொரு காலேஜும் தன் இஷ்டத்துக்கு மாதத்தை வெட்டும். ஜூன் 29ல் தொடங்கும் நான்கு வாரம் ஒரு இடம், ஜூலை 20ல் தொடங்கும் நான்கு வாரம் அடுத்த இடம் என்றால் ஒரு வாரம் இடிக்கும். ‘ஒரு வாரம் முன்னாடி விடுங்கள்’ என்று அங்கே போய்க் கேட்டால் அந்த ஒரு வாரம்தான் அவர்கள் நினைவில் நிற்கும். அவேக்கு விண்ணப்பிக்கும் விஎஸ்எல்ஓ தளத்தில் இடம் வந்தால் இரண்டு மூன்று நாளில் பதில் கேட்பவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டபின் விலகாதே. ஆர்த்தோ சின்ன உலகம்.

நான் ஆபரேஷன் மேஜையில் திரைக்குத் தலைப்பக்கம் நின்று மயக்கம் கொடுக்கிறவன். வெளி மாணவர்களை ஒவ்வொரு ஆகஸ்டும் அங்கிருந்துதான் பார்க்கிறேன். அனஸ்தீசியாக்காரனுக்கு ஓட்டு இல்லை என்று நினைக்கிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் ‘அந்தப் பையன் எப்படி’ என்று சீஃப் ரெசிடென்ட் ஸ்க்ரப் நர்ஸைக் கேட்பது என் காதில் விழுகிறது. போனதும் பெயர் சொல்லி, கிளவுஸ் சைஸை போர்டில் எழுதி, உன் கிளவுஸை நீயே எடுத்துக் கொடு. ஏறி நிற்கும் ஸ்டூல் உனக்கு வேண்டும். கேஸ் தொடங்கியபின் கேட்காதே, முன்னாலேயே இழுத்து வைத்துக்கொள். கடைசித் தையல் விழுந்ததும் மாணவர்கள் கிளவுஸைக் கழற்றிவிட்டுக் காணாமல் போகிறார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான். நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றும்போது ஆபரேஷன் செய்த காலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், சூடான போர்வை வேண்டும். நான் மூச்சு ட்யூபை எடுக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் யார் அங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ப்ளின்ட் போடுவதைக் கை பழக்கிக்கொள். பிளாஸ்டர் கைக்கு எட்டு முதல் பத்து மடிப்பு, காலுக்குப் பன்னிரண்டுக்கு மேல். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது. இறுகும்போது பிளாஸ்டர் தானாகவே சூடாகும், சீக்கிரம் முடியட்டும் என்று வெந்நீரில் நனைத்தால் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குத் தோல் வெந்துபோகும், அவனால் கத்தவும் முடியாது. உள்ளங்கையால் தடவு, விரல் நுனியால் அழுத்தாதே, பள்ளம் விழுந்த இடத்தில் புண் வரும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு மறக்கிறார்கள்.

ராத்திரி வருவது பெரும்பாலும் மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் முறிவுதான். காலையில் எந்தக் கேஸ் என்று முந்தின நாளே பார்த்துவிட்டு, எந்த வழியாகத் திறக்கப்போகிறார்கள், எந்த இரண்டு தசைகளுக்கு நடுவில் என்று படித்துவிட்டுப் போ. தோளை முன்பக்கமாகத் திறந்தால் டெல்டாய்டுக்கும் பெக்டொராலிஸுக்கும் நடுவே, வழிகாட்டி செஃபாலிக் வெய்ன். கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பக்கத்தில் நிற்கும் மாணவனிடம் கேட்ட கேள்விக்கு நீ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஊர். இரண்டுமே மேற்குக் கரை. ‘உங்களிடம் வர விருப்பம்’ என்று ப்ரோக்ராம்களுக்கு அனுப்பும் சிக்னல் முப்பதுதான், சிக்னல் போகாத இடத்திலிருந்து நேர்காணல் வருவது அரிது. அவே செய்த இடம்தானே, நம்மைத் தெரியுமே என்று அங்கே சிக்னலை மிச்சம் பிடிக்காதே, சொந்தக் காலேஜுக்கும் சேர்த்தே அனுப்பு. ஈராஸில் ஒன்பது வட்டாரங்களில் மூன்று வரை உன் விருப்பம் என்று குறிக்கலாம். பசிபிக் என்று குறித்தால் ஏன் என்று எழுத சில வரி இடம் தருவார்கள். ஒஹாயோவில் பிறந்து ஒஹாயோவிலேயே படித்த பெண் ஏன் அங்கே வருகிறாள் என்பது அவர்களுக்குப் புரியவேண்டும். மலையும் கடலும் பிடிக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உனக்கு என்ன காரணமோ, எழுதக்கூடியதாக இருந்தால் அதை எழுது. எனக்கும் சொல்லவேண்டும் என்று அவசியமில்லை. செப்டம்பரை மட்டும் மேற்கிலேயே போடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் ஒரே பக்கம் போனால் இந்தப் பக்கத்து ப்ரோக்ராம்கள் உன்னை விட்டுவிடும். அம்மாவுக்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்காகவும்தான்.

சொன்னதையே சொல்கிறேன், செப்டம்பர், செப்டம்பர் என்று. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருந்த அந்த இடத்தின் பெயரை நீ ஏன் அழித்தாய் என்று எனக்குத் தெரியும், கனி. பிப்ரவரியில் அங்கே ஒருவருக்கு நான் ஃபோன் செய்தேன். கூடப் படித்தவர். என் மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், கொஞ்சம் பாருங்கள் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. அவர் யாரிடம் சொன்னார், அது உன் காதுக்கு எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. இதே மாதிரி ஒரு அப்பாவின் ஃபோன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்ணின் மார்க்கைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. இத்தனையும் தெரிந்தவன்தான் அதைச் செய்தேன். நீ ராத்திரி முழுக்க நின்று சம்பாதித்த ஒரு இடத்தை அப்பா வாங்கிக் கொடுத்த இடமாக மாற்றிவிட்டேன். பெயரை அழித்தது சரிதான். நானாக இருந்தாலும் அழித்திருப்பேன்.

இனி எங்கும் பேசமாட்டேன். அந்த வரியில் எந்த ஊரைப் போட்டாலும் கேட்கமாட்டேன். மேலே மேற்கில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிட்டுப் படி.

இடம் கிடைக்காமல் போகாது. ஒன்றுக்கு மேல் இடம் வந்தவர்கள் மே, ஜூனில் விட்டுக்கொடுப்பார்கள். கோஆர்டினேட்டருக்கு நாலு வரி மெயில் போதும்: எந்தத் தேதிகள் முடியும், ஸ்டெப் 2 எப்போது, காகிதமெல்லாம் தயார், கூப்பிட்டால் வருகிறேன். காகிதம் தயார் என்பது பொய்யாக இருக்கக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி பத்துக்குக் கீழே வந்தால் இன்னொரு ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும், அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே கொடு. டிபி டெஸ்டுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். போன ஆகஸ்டில் செய்தது செப்டம்பருக்குச் செல்லாது, தொடங்கும் நாளைப் பார்க்காதே, முடியும் நாளைப் பார். சின்ன வயசுத் தடுப்பூசி அட்டை கராஜில் அந்த நீலப் பெட்டியில்தான் இருக்கிறது. அம்மா படம் எடுத்து அனுப்புவாள்.

ஜூலைக்குக் காரை எடுத்துப் போவதாக இருந்தால் பின் டயர் இரண்டையும் மாற்று, கார்டில் போட்டுக்கொள். கொலம்பஸிலிருந்து போர்ட்லாண்ட் 2,400 மைலுக்கு மேல். நான்கு நாளாகப் பிரித்துக்கொள், தனியாக ஓட்டாதே. கூட வருகிறவர் யாராக இருந்தாலும் ராத்திரியில் மலைப்பாதை ஓட்டிப் பழகினவராக இருந்தால் சரி.

அப்பா